செஸ்னாவின் இன்ஜினைத் திறந்தால்: விமான இன்ஜின் வகைகளும் பிஸ்டன் இன்ஜினின் பாகங்களும்

விமானப் பராமரிப்புப் படிப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் கேள்வி இது: "விமான இன்ஜின்கள் எத்தனை வகை? ரெசிப்ரோகேட்டிங் இன்ஜினின் பாகங்கள் என்னென்ன? புத்தகத்தில் வெறும் பெயர்ப் பட்டியலாக இருக்கிறது, மனதில் நிற்கவில்லை. இந்த ஜெட் காலத்தில் பிஸ்டனை எதற்குப் படிக்க வேண்டும்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரெசிப்ரோகேட்டிங் இன்ஜின் என்பது பிஸ்டன் இன்ஜினின் புத்தகப் பெயர்தான். நாம் ஏறிப் போகிற ஏர்பஸ்ஸில் பிஸ்டன் கிடையாதுதான். ஆனால் அதை ஓட்டுகிற பைலட் முதன்முதலில் தனியாக வானத்தில் ஏறியது அநேகமாக ஒரு செஸ்னாவிலோ டைமண்டிலோ இருக்கும். அங்கே வேலை செய்தது பிஸ்டன் இன்ஜின். சின்ன விமானத்துக்கும் ஏர்பஸ்ஸில் இருப்பதுபோல் ஒரு குட்டி டர்பைனைச் செய்து மாட்டிவிடலாமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டர்பைனில் சுழலும் பிளேடின் நுனிக்கும் வெளி உறைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டே ஆக வேண்டும். இன்ஜினைப் பாதியாகச் சுருக்கினாலும் அந்த இடைவெளி அதே விகிதத்தில் சுருங்காது. அந்தச் சந்து வழியாகக் காற்று நழுவும், எரிபொருள் வீணாகும். பிளேடுக்கு வேண்டிய உலோகமும் விலை அதிகம். இருநூறு குதிரைத்திறன் அளவில் பிஸ்டனை வெல்ல இன்னும் ஆளில்லை.

சரி, வகைகளுக்கு வருவோம். விமானத்தை முன்னால் தள்ளுகிற எல்லா இன்ஜினும் செய்வது ஒரே வேலை: காற்றைப் பிடித்துப் பின்னால் தள்ளுவது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளலாம், கொஞ்சம் காற்றை மிக வேகமாகவும் தள்ளலாம். உந்துவிசை இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம், செலவு ஒன்றாக இருக்காது. காற்றுக்கு நாம் கொடுக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் வகைகள் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

ப்ரொப்பெல்லர் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறது. மணிக்கு 600, 700 கிலோமீட்டரைத் தாண்டினால் அதன் நுனிகள் ஒலியின் வேகத்தை எட்டி அடம்பிடிக்கத் தொடங்கும். அந்த வேலியைத் தாண்டத்தான் ஜெட் வந்தது. இங்கிலாந்தில் ஃப்ராங்க் விட்டில் 1930-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1937-ல் அவருடைய இன்ஜின் தரையில் ஓடியது. ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபான் ஓஹைன் தனியாக அதே வழியில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய இன்ஜினுடன் ஹைன்கெல் 178 என்ற விமானம் 1939 ஆகஸ்ட் 27 அன்று பறந்தது. இவை டர்போஜெட்: உள்ளே போகிற காற்று முழுவதும் அமுக்கப்பட்டு, எரிந்து, டர்பைனைச் சுற்றிவிட்டு, மிச்ச வேகத்தோடு பின்னால் சீறும். கான்கார்ட் பயணிகள் விமானத்தில் இருந்ததும் டர்போஜெட்தான். ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்துக்கு அது பொருந்தியது, சாதாரணப் பயணத்துக்கு எரிபொருளைக் குடித்துத் தீர்த்துவிடும்.

டர்போஃபேன் என்பது இரண்டுக்கும் நடுவே கண்ட வழி. முன்னால் ஒரு பெரிய விசிறி, நடுவில் ஒரு ஜெட். விசிறி தள்ளும் காற்றில் பெரும்பகுதி நெருப்புப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு வெளியேறிவிடும். ஏர்பஸ் ஏ320 நியோவில் மாட்டுகிற லீப் இன்ஜினில், உள்ளே போய் எரிகிற காற்றைப்போல் சுமார் 11 மடங்கு காற்று வெளிவழியாகப் போகிறது. டர்போப்ராப்பில் டர்பைன் ஒரு கியர்பாக்ஸ் வழியாக ப்ரொப்பெல்லரைச் சுற்றும், ஏடிஆர் 72-ல் பார்க்கலாம். அதே டர்பைன் ஹெலிகாப்டரின் ரோட்டரைச் சுற்றினால் டர்போஷாஃப்ட், நம் துருவ் ஹெலிகாப்டரின் சக்தி இன்ஜின் அந்த வகை. ராம்ஜெட்டில் சுழலும் அமுக்கியே கிடையாது, வேகத்தாலேயே காற்று உள்ளே அமுங்கும். நின்ற இடத்திலிருந்து அதால் கிளம்ப முடியாது. பிரம்மோஸ் ஏவுகணையை முதலில் ஒரு ராக்கெட் தள்ளிவிட்டு, அதன் பிறகே ராம்ஜெட் எடுத்துக்கொள்வது இதனால்தான். தேர்வுக்கு இந்த அளவு போதும். நீங்கள் கையால் தொடப்போவது பிஸ்டன் என்பதால் அதில் நிதானமாக இறங்கலாம்.

பிஸ்டன் இன்ஜினை சிலிண்டர்களை அடுக்கிய விதத்தை வைத்துப் பிரிப்பார்கள். ஒவ்வோர் அடுக்கும் ஏதோ ஒரு பிரச்சினைக்குக் கண்ட தீர்வு, அப்படிப் பார்த்தால் மறக்காது. ரைட் சகோதரர்களின் 1903 விமானத்துக்கு இன்ஜின் செய்து கொடுத்தவர் அவர்கள் சைக்கிள் கடையின் மெக்கானிக் சார்லி டெய்லர். நான்கு சிலிண்டர்களை ஒரே வரிசையில் படுக்க வைத்திருந்தார். கிராங்க்கேஸை அலுமினியத்தில் வார்த்தார்கள், அன்றைக்கு அது புதுமை. சுமார் 12 குதிரைத்திறன், எடை 80 கிலோவுக்கு மேல். ஒரு குதிரைத்திறனுக்கு ஏழு கிலோ அளவு சுமக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து விமான இன்ஜின்காரர்களின் முதல் எதிரி எடை, இரண்டாவது எதிரி சூடு.

இரண்டையும் ஒரே அடியில் வீழ்த்தப் பார்த்தார்கள் பிரான்ஸின் செகான் சகோதரர்கள். பிஸ்டன்களின் போக்குவரத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க்ஷாஃப்ட். அவர்களுடைய நோம் ரோட்டரி இன்ஜினில் அது விமானத்தோடு அசையாமல் நிற்கும், ஏழு சிலிண்டர்களும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். தானே சுற்றித் தானே குளிர்ந்துகொள்ளும் இன்ஜின். தண்ணீர், ரேடியேட்டர், ஃப்ளைவீல் எதுவும் வேண்டாம். பெட்ரோலில் கரையாது என்பதால் விளக்கெண்ணெய் ஊற்றி ஓட்டினார்கள். அது எரிந்தும் எரியாமலும் பின்னால் தெறித்து பைலட் முகத்தில் படியும். அதைச் சுவாசித்து விழுங்கியவர்களின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தவிர, அத்தனை எடை முன்னால் சுழல்வதால் விமானம் ஒரு பக்கம் சட்டென்று திரும்பும், மறுபக்கம் முரண்டுபிடிக்கும். முதல் உலகப்போரோடு இந்த வகை ஓய்ந்தது.

ரேடியல் இன்ஜினில் சிலிண்டர்கள் நட்சத்திரம்போல் விரிந்திருக்கும், ஆனால் அசையாது, கிராங்க் மட்டும் சுற்றும். ரோட்டரியையும் ரேடியலையும் குழப்பிக்கொள்ளாத மாணவரை நான் அதிகம் பார்த்ததில்லை, வைவாவில் கேட்பார்கள். இன்னொன்றும் கேட்பார்கள்: ஒரு வரிசையில் ஏன் எப்போதும் 5, 7, 9 என்று ஒற்றைப்படை? நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை எரிய வேண்டும். ஒன்று விட்டு ஒன்றாக எரியவிட்டால் ஏழு சிலிண்டரில் வரிசை 1-3-5-7-2-4-6 என்று அழகாக ஓடும். எட்டு இருந்தால் 1-3-5-7 முடிந்து மறுபடி 1-லேயே வந்து நிற்கும், இரட்டை எண் சிலிண்டர்களுக்கு முறையே வராது. டகோட்டா விமானத்தின் ட்வின் வாஸ்ப் இன்ஜின் ஏழு ஏழாக இரண்டு வரிசை, 14 சிலிண்டர், சுமார் 1200 குதிரைத்திறன். இந்த வகையின் உச்சம் ப்ராட் அண்ட் விட்னியின் வாஸ்ப் மேஜர்: நான்கு வரிசையில் 28 சிலிண்டர், 56 ஸ்பார்க் பிளக். பி-36 குண்டுவீச்சு விமானத்தில் இப்படி ஆறு இன்ஜின். பிளக் மாற்றுகிற நாளில் 336 பிளக்கைக் கழற்ற வேண்டும். அந்த ஹாங்கரில் வேலை பார்த்தவர்கள் ஜெட்டை இரண்டு கையாலும் வரவேற்றிருப்பார்கள்.

சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வரிசை இன்ஜினுக்கு முகம் சிறியது, காற்றைக் குறைவாக எதிர்க்கும். ஆனால் பின் சிலிண்டர்களுக்குக் காற்று போய்ச் சேராது. டைகர் மாத் பயிற்சி விமானத்தின் ஜிப்ஸி மேஜர் இன்ஜினைத் தலைகீழாகவே மாட்டியிருப்பார்கள்: கிராங்க் மேலே, சிலிண்டர் கீழே. ப்ரொப்பெல்லர் தரையை விட்டு உயரமாக நிற்கும், பைலட்டின் பார்வையையும் சிலிண்டர்கள் மறைக்காது. இரண்டு வரிசையை V வடிவில் சேர்த்துத் தண்ணீர்க் குளிர்ச்சி கொடுத்தால் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மெர்லின் மாதிரி 12 சிலிண்டர் இன்ஜின் வரும். கடைசியாக மிஞ்சியது எதிரெதிர் வகை, புத்தகத்தில் ஆப்போஸ்ட் என்று இருக்கும். இரண்டு பக்கமும் சிலிண்டர்கள் படுத்திருக்கும், உயரம் குறைவு, எல்லாச் சிலிண்டருக்கும் காற்று கிடைக்கும். இன்று பயிற்சி விமானங்களில் பெரும்பாலும் இதுதான்.

இனி ஒரே ஒரு இன்ஜினை எடுத்துக்கொள்வோம். செஸ்னா 172-எஸ் விமானத்தில் இருப்பது லைகமிங் கம்பெனியின் ஐஓ-360-எல்2ஏ. பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது. 'ஐ' என்றால் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன், 'ஓ' என்றால் ஆப்போஸ்ட், 360 என்பது கன அங்குலத்தில் அதன் கொள்ளளவு. பெயருக்கு முன்னால் 'டி' இருந்தால் டர்போசார்ஜர், 'ஜி' இருந்தால் கியர். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் சுமார் 13 சென்டிமீட்டர், பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரமான ஸ்ட்ரோக் 11. மொத்தம் 5.9 லிட்டர். ஒரு சிலிண்டர் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், சின்னக் கார் ஒன்றின் முழு இன்ஜினை விடப் பெரிது. ஆனால் கொடுப்பது 180 குதிரைத்திறன்தான், அதுவும் 2700 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 2700 சுற்றில்.

"இவ்வளவு பெரிய இன்ஜினில் இவ்வளவுதானா?" என்று கார்ப் பிரியர்கள் சிரிப்பார்கள். காரணம் ப்ரொப்பெல்லரில் இருக்கிறது. அது கிராங்க்ஷாஃப்ட்டின் முனையிலேயே நேராக போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது, நடுவில் கியர் கிடையாது. 76 அங்குல ப்ரொப்பெல்லர் 2700-ல் சுற்றும்போது அதன் நுனி வினாடிக்கு 270 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஒலி 340. இன்ஜினை 5000-க்கு விரட்டினால் நுனி ஒலியைத் தாண்டிப் போகும், சத்தம் மட்டும் மிஞ்சும். மெதுவாகச் சுற்றித் திறன் வேண்டுமென்றால் சிலிண்டர் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். ரோட்டாக்ஸ் 912-எஸ் இன்ஜின் மறுவழியில் போனது: 1.35 லிட்டர், 5800 ஆர்பிஎம், 100 குதிரைத்திறன், முன்னால் ஒரு கியர்பாக்ஸ். அதுவும் நல்ல இன்ஜின்தான். ஆனால் பாகம் குறைந்தால் பழுதும் குறையும் என்ற லைகமிங்கின் பழைய கட்சிக்கு நான் இன்னும் ஓட்டுப் போடுகிறேன்.

உள்ளே போவோம். எல்லாவற்றையும் தாங்குகிற உடம்பு கிராங்க்கேஸ், அலுமினிய வார்ப்பு. உளுந்து பருப்பாக உடைவதுபோல் நட்டநடுவே இரண்டாகப் பிரியும். அந்தப் பிளவில்தான் கிராங்க்ஷாஃப்ட்டின் மெயின் பேரிங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. கிராங்க்ஷாஃப்ட் அடித்து உருவாக்கிய எஃகு. தேயும் இடங்களில் நைட்ரைடிங் செய்து மேல்தோலைக் கடினமாக்கியிருப்பார்கள். பேரிங்கில் சுற்றும் பகுதி ஜர்னல், கனெக்டிங் ராட் பிடிக்கும் பகுதி கிராங்க்பின், இரண்டையும் இணைப்பது கிராங்க் சீக். எதிரெதிர் வகையில் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தனிக் கிராங்க்பின் உண்டு. எதிரெதிரே உள்ள இரண்டு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் வெளியே போகும், ஒரே நேரத்தில் உள்ளே வரும். ஒன்றின் உதறலை மற்றது ஈடுகட்டிவிடும். வலது சிலிண்டரும் இடது சிலிண்டரும் நேர்க்கோட்டில் இல்லாமல் சற்று முன்பின்னாக இருப்பது இந்தத் தனிப் பின்களால்தான். அடுத்த முறை இன்ஜினின் மூடியான கவுலிங் திறந்திருக்கும்போது மேலிருந்து பாருங்கள், தெரியும்.

ப்ரொப்பெல்லர் நேரடியாகக் கிராங்க்கில் இருப்பதால் ஒரு கடுமையான விதியும் வருகிறது. இன்ஜின் ஓடும்போது ப்ரொப்பெல்லர் தரையிலோ வேறெதிலோ இடித்துவிட்டால், ப்ரொப்பெல்லரை மட்டும் மாற்றிவிட்டுப் பறக்கவிட முடியாது. அந்த அடி கிராங்க் வழியாகப் பின்னால் உள்ள கியர் வரை போயிருக்கும். இன்ஜினைப் பிரித்துப் பார்த்துத்தான் தீர வேண்டும்.

கனெக்டிங் ராடின் பெரிய முனை கிராங்க்பின்னில், சின்ன முனை பிஸ்டன் பின்னில். ரேடியலில் ஒரு வரிசைக்கு ஒரே கிராங்க்பின் என்பதால் ஏழு ராடும் அதில் ஏற இடமில்லை. ஒரு மாஸ்டர் ராட் மட்டும் கிராங்க்கைப் பிடிக்கும், மற்றவை நக்கிள் பின் போட்டு அதில் தொங்கும். பிஸ்டன் அலுமினியக் கலவை. தலைப்பக்கம் இரண்டு கம்ப்ரஷன் ரிங், அதற்குக் கீழே ஆயில் ரிங். கம்ப்ரஷன் ரிங் எரியும் வாயுவைக் கீழே விடாது, பிஸ்டனின் சூட்டைச் சிலிண்டர் சுவருக்குக் கடத்துவதும் அதுதான். ஆயில் ரிங் சுவரில் மெல்லிய படலம் மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வழித்துவிடும். பிஸ்டன் பின் எந்தப் பக்கமும் கட்டப்படாமல் மிதக்கும். அது சிலிண்டர் சுவரைக் கீறாமல் இருக்க இரண்டு முனையிலும் அலுமினிய பிளக் உண்டு.

சிலிண்டர் இரண்டு துண்டு: எஃகு பேரல், அலுமினிய ஹெட். ஹெட்டைச் சூடாக்கி விரியவைத்து, பேரலின் மேல் திருகி இறுக்குவார்கள். ஆறியதும் கவ்விக்கொள்ளும், பிறகு பிரிக்கிற பேச்சே இல்லை. பேரலை அளந்து பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும்: மேல்பக்கம் விட்டம் மயிரிழை குறைவு. தேய்மானம் என்று நினைத்துவிடாதீர்கள், வேண்டுமென்றே அப்படிக் கடைகிறார்கள். எரிகிற பக்கம் அதிகம் சூடாகி அதிகம் விரியும், ஓடும் சூட்டில் பேரல் மேலும் கீழும் ஒரே அளவுக்கு வந்துவிடும். இதைச் சோக் என்பார்கள்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்டேக் வால்வு ஒன்று, எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று. எக்ஸாஸ்ட் வால்வுதான் இந்த இன்ஜினில் அதிகம் வதைபடும் பாகம். எரிந்த வாயு முழுவதும் அதை உரசிக்கொண்டே வெளியேறும். அதனால் லைகமிங் அதன் தண்டைக் குடைந்து உள்ளே கொஞ்சம் சோடியம் அடைத்திருக்கிறது. சோடியம் 98 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வால்வு மேலும் கீழும் ஆடும்போது உருகிய சோடியமும் உள்ளே குலுங்கி, தலையின் சூட்டைத் தண்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டும், தண்டிலிருந்து அது வால்வு கைடுக்குப் போகும். கழற்றிய பழைய வால்வை விளையாட்டுக்குக்கூட அறுத்துப் பார்க்காதீர்கள், சோடியம் தண்ணீர் பட்டால் பற்றும்.

வால்வைத் திறப்பது கேம்ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று. கேமின் மேடு லிஃப்டரைத் தள்ள, லிஃப்டர் புஷ்ராடை, புஷ்ராட் ராக்கரை, ராக்கர் வால்வை. மூட ஸ்பிரிங் இருக்கிறது. லைகமிங்கில் கேம் கிராங்க்குக்கு மேலே இருக்கிறது, கான்டினென்டல் கம்பெனியின் இன்ஜினில் கீழே. இந்த ஒரு வித்தியாசத்தால் கடலோர ஊர்களில் லைகமிங்குக்கு ஒரு தொல்லை. விமானம் வாரக்கணக்கில் நின்றால் மேலே உள்ள கேமிலிருந்து ஆயில் வடிந்துவிடும், ஈரக் காற்று துருவை ஏற்றும், அடுத்த ஸ்டார்ட்டில் துரு லிஃப்டரைத் தின்னத் தொடங்கும். "நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டால் போச்சு" என்பது தவறான வைத்தியம். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அதில் கலந்த நீர் ஆவியாகும். அரைகுறைச் சூட்டில் ஓட்டினால் உள்ளே நீர் சேரத்தான் செய்யும். ஒரு மணி நேரமாவது பறக்கவிட வேண்டும்.

இத்தனை பாகமும் சேர்ந்து செய்வது நான்கு ஸ்ட்ரோக்: உறிஞ்சல், அமுக்கல், விசை, வெளியேற்றம். சில புத்தகங்கள் பற்றவைப்பையும் சேர்த்து ஐந்து நிகழ்வு என்று கேட்கும், ஏமாந்துவிடாதீர்கள். பற்றவைப்பு பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு சுமார் 25 டிகிரி முன்பே நடந்துவிடும். எரிய நேரம் வேண்டுமே, பிஸ்டன் உச்சியைத் தாண்டியதும் அழுத்தம் முழுமையாக வந்து சேர வேண்டும். 2700 ஆர்பிஎம்மில் அந்த 25 டிகிரி என்பது ஒன்றரை மில்லி விநாடி. அந்த வேகத்தில் நான்கு சிலிண்டரும் சேர்ந்து விநாடிக்கு 90 முறை எரிகின்றன, வரிசை 1-3-2-4. இங்கே ஒரு எச்சரிக்கை: லைகமிங்கில் ஒன்றாம் சிலிண்டர் முன்னால், ப்ரொப்பெல்லர் பக்கம். கான்டினென்டலில் அது பின்னால். ஒரு கம்பெனி இன்ஜினில் பழகியவர் மற்றதில் கை வைத்தால் தவறான சிலிண்டரைக் கழற்ற வாய்ப்பு நிறைய.

மேலே சொன்ன பாகங்கள் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று இன்ஜினைப் பிரிக்காமலே அறிய ஒரு சோதனை இருக்கிறது. டிஃபரன்ஷியல் கம்ப்ரஷன் டெஸ்ட். இதைப் புத்தகத்தில் படிப்பதை விட ஒருமுறை பக்கத்தில் நின்று பார்ப்பது மேல். இன்ஜின் இன்னும் சூடாக இருக்கும்போதே ஒரு பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் காற்றுக் குழாயைத் திருக வேண்டும். பிஸ்டனை அமுக்கல் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, 80 பிஎஸ்ஐ காற்றை விட வேண்டும். ப்ரொப்பெல்லரை ஒருவர் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும், பிஸ்டன் உச்சியை விட்டு இம்மி நகர்ந்தாலும் பிளேடு கையை உதறிவிட்டுச் சுற்றும். கருவியில் இரண்டு மீட்டர்: ஒன்று உள்ளே விடும் அழுத்தம், மற்றது சிலிண்டர் தாக்குப்பிடிக்கும் அழுத்தம். 80-க்கு 74 என்றால் திருப்தி. 60-க்குக் கீழே போனால் சிலிண்டரைக் கழற்றும் யோசனை வரும்.

எண்ணைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடாமல் காதைத் தீட்டுங்கள். புகைபோக்கியில் 'உஸ்' என்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது. காற்று உள்ளே வரும் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் அங்கே கேட்டால் காற்று ரிங்கைத் தாண்டிக் கிராங்க்கேஸுக்குப் போகிறது. கொஞ்சமாக ரிங் பக்கம் கசிவது சகஜம், எந்த இன்ஜினிலும் இருக்கும். எக்ஸாஸ்ட் பக்கக் கசிவை நான் சகஜம் என்று விடமாட்டேன். மூடாத வால்வு ஆறாது, ஆறாத வால்வு எரியும்.

ஆயில் சங்கதி சுருக்கமாக. எல்2ஏ-யில் அடியில் உள்ள சம்ப்பிலேயே ஆயில் தங்கும், இது வெட் சம்ப். தனித் தொட்டியில் வைத்துப் பம்ப்பில் எடுத்தால் டிரை சம்ப். சம்ப் கொள்ளளவு எட்டு குவார்ட், சுமார் ஏழரை லிட்டர். வழவழப்புக்கு மட்டுமல்லாமல் குளிர்ச்சிக்கும் இந்த ஆயில்தான். மீதிச் சூட்டை சிலிண்டரைச் சுற்றியுள்ள துடுப்புகள் காற்றில் விடும். துடுப்புகளுக்கு நடுவே காற்றைத் திருப்பிவிடும் தகடுகள் பேஃபிள். அவற்றின் ஓரத்தில் உள்ள ரப்பர் பட்டை கிழிந்து மடங்கியிருந்தால் காற்று சந்தில் நழுவிவிடும், சிலிண்டர் ஹெட் சூடு ஏறும். பார்க்க அற்பமாக இருக்கும். ரப்பர் பட்டைதானே என்று விட்டால் ஒரு சிலிண்டரின் ஆயுளைக் குறைத்துவிடும்.

எரிபொருள் கொடுப்பதில் இரண்டு வழி. எல்2ஏ-யில் இன்ஜெக்‌ஷன்: ஒவ்வொரு சிலிண்டரின் இன்டேக் வாசலிலும் ஒரு நாசில். செஸ்னா 152 போன்றவற்றில், போகிற காற்றிலேயே பெட்ரோலைக் கலந்து அனுப்பும் கார்புரேட்டர். கார்புரேட்டரின் பலவீனம் பனிக்கட்டி. குறுகிய வெஞ்சுரியில் காற்று விரையும்போது குளிரும், பெட்ரோல் ஆவியாகும்போது இன்னும் குளிரும், ஈரம் உறைந்து வழியை அடைக்கும். பனிக்கட்டி என்றதும் இமயமலை என்று நினைக்க வேண்டாம். வெளியே 30 டிகிரி இருந்தாலும் காற்றில் ஈரம் இருந்தால் நடக்கும், த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது அதிகம் நடக்கும். அறிகுறி, ஆர்பிஎம் மெல்ல விழுவது. சூடான காற்றைக் கார்புரேட்டருக்குத் திருப்பிவிடும் கார்ப் ஹீட்டை இழுத்ததும் முதலில் இன்ஜின் இன்னும் மோசமாக இருமும், உருகிய தண்ணீர் உள்ளே போகிறது. அதைக் கண்டு பயந்து திரும்ப மூடிவிடுகிறவர்கள் உண்டு. மூடக் கூடாது, கட்டி கரைந்ததும் ஆர்பிஎம் தானே ஏறும்.

கடைசியாக மேக்னெட்டோ. இதற்கு பேட்டரி தேவையில்லை. உள்ளே காந்தம் சுற்றும், தானே மின்சாரம் உண்டாக்கித் தானே தீப்பொறி கொடுக்கும். விமானத்தின் மின்சாரம் மொத்தமும் போனாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு இன்ஜினுக்கு இரண்டு மேக்னெட்டோ, ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்பது ஒரு காரணம். இவ்வளவு அகலமான சிலிண்டரில் ஒரு மூலையிலிருந்து தீ பரவ நேரமாகும், இரு பக்கமிருந்து பற்றவைத்தால் சீராக எரியும் என்பது மற்றொன்று. பறப்பதற்கு முன் 172-எஸ்ஸில் 1800 ஆர்பிஎம் வைத்து மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள். ஒரு பக்கத் தீயில் ஓடுவதால் ஆர்பிஎம் கொஞ்சம் விழும். 150-க்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது.

விழவே இல்லை என்றால்? மாணவர்கள் "அருமையான இன்ஜின்" என்பார்கள். எனக்கு அதுதான் பயம். மேக்னெட்டோவை அணைப்பது என்பது சாவி வழியாக ஒரு ஒயரை பாடியில் எர்த் செய்வதுதான். அந்த ஒயர் அறுந்திருந்தால் சாவி 'ஆஃப்' என்று காட்டும், மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். ஆர்பிஎம் விழாததற்கு அது காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட விமானத்தில் சாவி பைலட்டின் பாக்கெட்டில் இருக்கும்போதே, யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் தள்ளினால் ஒரு சிலிண்டர் எரிந்து பிளேடு சுற்றிவிடும். இதனால்தான் இந்த இன்ஜினைச் சாவியைத் திருப்பி அணைப்பதில்லை. எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் பிடியை முழுவதும் பின்னால் இழுத்து, சிலிண்டரில் எரிய எதுவும் மிஞ்சாமல் செய்து, இன்ஜின் தானாக நின்ற பிறகே சாவியை எடுப்பார்கள். அதற்குப் பிறகும் ஹாங்கரில் எந்த ப்ரொப்பெல்லரைத் தொட்டாலும் அது எந்த நேரமும் சுற்றும் என்று வைத்துக்கொண்டு, பிளேடு வரும் வழியில் நிற்காமல் தொடுங்கள்.